பொருந்துகிறது, தாங்குமா?

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி மிரட்டலில் பிறந்தது. மிரட்டியவர் வார இதழின் ஆசிரியர்.

"கம்ப்யூட்டர் ரூம்ல நடக்குற மாதிரி ஒரு த்ரில்லர் குடுங்க சார். இப்ப அதான் ஓடுது."

ஓடுவதைத் துரத்தியே பிழைப்பு நடத்துபவன் நான். உடனே ஒப்புக்கொண்டேன். கம்ப்யூட்டர் ரூமைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே குளிரும் என்பது மட்டும்தான். அதனால் என்ன? தொடங்கினேன்:

சர்வர் அறையின் கதவு மெல்லத் திறந்தது. உள்ளே, நீல வெளிச்சத்தில், ஒரு பிணம்...

தோளுக்குப் பின்னாலிருந்து என் தங்கை எட்டிப் பார்த்தாள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சர்வர்களைக் கட்டி மேய்ப்பவள். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அபூர்வமாக வருவாள். வந்தால் என் நாற்காலி அவளுடையது.

"பிணத்தை எங்கண்ணா போட்ட? ராக்குக்கு நடுவுல ஒரு ஆளு குனியவே இடம் இருக்காது."

"நின்னுகிட்டே செத்துட்டான்னு வச்சுக்கோ."

"அந்தக் குளிருக்குக் கெட்டும் போகமாட்டான். ஒரு மாசம் கழிச்சு ஏசி ரிப்பேருக்கு வர்றவன்தான் கண்டுபிடிப்பான்."

பிணத்தை எடுத்துவிட்டேன்.

2

"சரி, உங்க ரூம்ல பயங்கரம்னா என்னதான் நடக்கும்?"

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "பவர் பட்டை வாங்குறது."

(பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.)

அவள் விளக்கியதை என் மொழியில் தருகிறேன். ராக் என்பது ஆளுயர இரும்பு அலமாரி. சர்வர்களை அதில் தட்டுத் தட்டாக அடுக்குவார்கள். பின்புறம் இடது ஓரத்தில் ஒன்றும் வலது ஓரத்தில் ஒன்றுமாக, வரிசையாகத் துளைகள் உள்ள இரண்டு நீளமான பட்டைகள். கரண்டைப் பிரித்துக் கொடுப்பது அவைதான். ஒவ்வொரு சர்வருக்கும் இரண்டு வயர்; ஒன்று இடது பட்டையில், மற்றது வலதில். ஒரு பக்கம் போனால் மறுபக்கம் காப்பாற்றும்.

எழுதினேன்: அவள் அந்தப் பட்டையை வருடினாள். அதன் கறுத்த மேனி...

(இல்லை. இந்த வாக்கியத்தை இப்படியே நடுத்தெருவில் விட்டுவிடுகிறேன்.)

3

கதாநாயகி ஒரு இன்ஜினியர் என்று வைத்துக்கொண்டேன். புது சர்வர்கள் வந்து இறங்கிவிட்டன. பட்டை வாங்கும் பொறுப்பு அவளுடையது. வயர் நுனி பட்டையின் துளைக்குப் பொருந்த வேண்டும், பொருந்தியது. பட்டையின் நீளம் ராக்குக்குள் அடங்க வேண்டும், அடங்கியது. இன்னும் பெரிய பட்டை வாங்கலாம்தான். ஆனால் அதற்கு உலக்கை மாதிரி ஒரு உருண்டை பிளக். சுவரில் புது சாக்கெட் வைக்க வேண்டும், புது லைன் இழுக்க வேண்டும், மேலாளர் முகத்தைச் சுளிப்பார். சின்னது, இருந்த சாக்கெட்டில் சொல்லிவைத்தாற்போல் உட்கார்ந்தது. வாங்கிவிட்டாள்.

மாட்டியாயிற்று. ஒவ்வொரு பட்டையும் பதினாறு ஆம்பியர் தாங்கும். இரண்டிலும் பத்து பத்து ஓடுகிறது. இரண்டிலும் பச்சை விளக்கு. எதற்கும் இரண்டு முறை தலையாட்டுவதால் 'சரிசரி' என்று பெயர் வாங்கிய மேலாளர், இதற்கும் இரண்டு முறை ஆட்டினார்.

"இதுல த்ரில் எங்கம்மா இருக்கு?" என்றேன்.

"இடது பட்டை போச்சுன்னா அதுல ஓடுற பத்து எங்க போகும்?"

"வலதுக்கு."

"அங்க ஏற்கெனவே?"

"பத்து."

"அது தாங்குறது?"

"பதினா..."

"அவ்ளோதான். ஒண்ணு போனா அடுத்த நொடி இன்னொண்ணும் விழும். காப்பாத்தறதுக்குன்னு வச்சதே சேர்ந்து படுத்துக்கும். மறுநாள் காலையில ஐசியூ மானிட்டர் மொத்தமும் அந்த ராக்குக்கு மாறுதுன்னு எழுதிக்கோ."

நான் கைதட்டினேன். (வெட்கக்கேடுதான். ஐசியூ என்ற சொல்லைக் கேட்டதும் மனிதன் பதற வேண்டும். தொடர்கதைக்காரனுக்கு நாக்கில் எச்சில் ஊறுகிறது.)

அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: ஆசிரியர் நடுவில் கூப்பிட்டு, படத்துக்கு என்ன வரையச் சொல்லட்டும் என்று கேட்டார். "பிளக்" என்றேன். "அப்புறம் பேசறேன் சார்" என்று வைத்துவிட்டார்.

4

எனக்குக் கதாநாயகி மேல் சந்தேகம் வந்தது.

"கேரக்டர் ஒட்டலையே. இவ்வளவு படிச்சவ இப்படி மக்காவா இருப்பா? வாசகர்கள் என்னைக் கிழிச்சிடுவாங்க."

"இருப்பாண்ணா." நாற்காலியின் கைப்பிடியை நகத்தால் சுரண்டினாள். "பொருந்துதா, பொருந்துதான்னே பாத்துகிட்டு இருந்தா, தாங்குமான்னு பாக்க விட்டுப்போயிடும்."

அபாரமான வசனம். குனிந்து குறித்துக்கொண்டேன். வசனத்தைப் பார்த்தவன், சொன்னவள் முகத்தைப் பார்க்கவில்லை.

5

முடிவுகள் என் கைச்சரக்கு. வரிசையாக எடுத்து விட்டேன்.

முதல் முடிவு: வில்லன் இடது பட்டையைப் பிடுங்குகிறான். கதாநாயகி பாய்ந்து வந்து அறுந்த வயர்களை வெறுங்கையால்...

"செத்துப்போயிடுவா."

இரண்டாவது: அவள் யாரிடமும் சொல்லவில்லை. எதுவும் நடக்கவுமில்லை. இரண்டு பட்டைகளும் கடைசிவரை ஜோராக ஓடுகின்றன.

"இப்படி நடக்குமாண்ணா?"

"ஏன் நடக்காது? கதைதானே."

மூன்றாவது: மேலாளரிடம் போய்ச் சொல்கிறாள். வேலை போகிறது. மழையில் நனைந்தபடி தெருவில்...

"மழை எதுக்கு?"

"சோகத்துக்கு."

"மழையை விடு. அவரு என்ன சொல்வாரு?"

"யாரு?"

"சரிசரி. நாளைக்கு மாத்தறத நிறுத்துங்கன்னு சொன்னா என்ன சொல்வாரு? நீ எத்தனையோ மேலாளரை எழுதியிருக்கியே, சொல்லு."

"நாளைக்கா?"

என் பேனா நின்றது. மதியம் முழுக்க என் கதையில் இவளுக்கு இவ்வளவு ஆர்வமா என்று உள்ளுக்குள் பூரித்துக்கொண்டிருந்தேன்.

"இது எப்ப நடந்தது?"

"இன்னும் நடக்கலண்ணா. நேத்துதான் எனக்கே உறைச்சுது. அதான் வந்தேன்."

"வேற யாருக்குத் தெரியும்?"

"உனக்கு. பட்டை வாங்கினது நான். நல்லா இருக்குன்னு சொன்னதும் நான். நாளைக்குப் பெரிய டாக்டருங்க எல்லாம் வந்து நிப்பாங்க. நான் வாயைத் திறக்கலைன்னா பச்சை விளக்கு எரியும், கைதட்டுவாங்க, போயிடுவாங்க."

கேட்கக்கூடாததைக் கேட்டேன். "எந்த முடிவு உனக்குப் பிடிச்சிருக்கு?"

"ரெண்டாவது. அதான் பயமா இருக்கு."

அண்ணன் என்ற முறையில் நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வாயைத் திறந்தேன். வந்ததெல்லாம் என் கதாநாயகர்கள் பேசிய வசனங்கள். 'உண்மை என்றைக்கும்...' (மூடிக்கொண்டேன்.)

"சும்மா இருண்ணா, நீ யோசிச்சா மழை வந்துடும்" என்று எழுந்தாள். போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

6

இங்கிருந்து பார்க்கிறேன். குரல் கேட்கவில்லை.

போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் நெஞ்சுயரத்தில் ஏந்துகிறாள். அந்தப் பக்கம் இருப்பவருக்கு இது தெரியப்போவதில்லை. இடது கையைக் கீழே போடுகிறாள். வலது கை, ஏதோ கனத்தை வாங்கியதுபோல, மெல்ல மெல்ல இறங்கி இடுப்புக்குக் கீழே போய்விடுகிறது. பிறகு போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறாள். கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அவள் சொல்லிவிட்டாள். 'சரிசரி' என்ன சொல்கிறார் என்பதுதான் மிச்சம்.

வழக்கமாக இந்த இடத்தில் பேனாவை மூடிவிட்டுக் காப்பி குடிக்கப் போவேன். வாசகர்கள் நகத்தைக் கடிப்பார்கள். இன்று என் நகம் என் வாயில் இருக்கிறது. எழுந்து கதவைத் திறந்தால் தெரிந்துவிடும். திறக்க மாட்டேன். என் கையில் கிடைத்தால் அந்த மனிதரை மேசையைக் குத்த வைப்பேன், இல்லையென்றால் கண்கலங்க வைப்பேன். எனக்கு வேறு எழுதத் தெரியாது.

ஆகவே அவருடைய பதிலை நீங்கள் எழுதுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டு ஆள் யாரோ அந்த ஐசியூவில் படுத்திருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.