சிவப்பு நாடா

மருதாளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் சொந்தம். கறிக்கடைக்குப் போகிற கூட்டம் ஒருபக்கம் போக, அவள் மட்டும் உடன் வேலை பார்க்கும் பிரிசில்லாவை இழுத்துக்கொண்டு, ஊருக்கு நடுவில் இருக்கிற காட்டுக்குப் போய்விடுவாள்.

காடு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒருபுறம் சாயப்பட்டறைச் சுவர், மறுபுறம் மேம்பாலம், நடுவில் வேலி போட்ட ஒரு துண்டு நிலம். ஒரு காலத்தில் வேஸ்ட் துணி கொட்டிக் கிடந்த இடம். சங்கம் ஒன்று அதைச் சுத்தம் பண்ணி, பூவரசும் மகிழமும் வைத்து, குட்டை வெட்டி, கேட் போட்டது. நல்ல காரியம்தான், அதில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அவர்கள் வருவதற்கு முன்பே, அந்தக் குப்பைக்குள்ளேயே தானாக முளைத்து நின்ற வெள்வேல மரங்களும் அங்கே உண்டு. குடை விரித்த மாதிரி நிற்கும். முள்ளும் உண்டு. மருதாள் மூலனூர்ப் பக்கத்து வேலங்காட்டில் வளர்ந்தவள். முள்ளைக் காலால் ஒதுக்கிவிட்டு உட்காரத் தெரியும். வாரம் முழுக்க டியூப்லைட் வெளிச்சத்தில் எரிந்த கண்ணுக்கு, சல்லடையாக விழுகிற அந்த நிழல் போதும். அதற்கு மேல் அவள் அந்தக் காட்டிடம் ஒன்றும் கேட்டதில்லை.

பனியன் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. தைத்து வருகிற துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறு நூலை வெட்ட வேண்டும். அதற்கான சின்னக் கத்தரிக்கு டிரிம்மர் என்று பெயர், கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கும். மற்றவர்கள் வேலை முடிந்ததும் கழற்றி வைப்பார்கள். மருதாளுக்குத் தாலிக்கயிற்றோடு அதுவும் கிடக்கும். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவள் முந்தானையில் நூல் தொங்கினால் கேட்காமலே வெட்டிவிடுவாள். பிரிசில்லாவின் கல்யாணத்தில், போதகர் ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கும்போதே பின்னால் போய் மணப்பெண் புடவையில் பிசிறு வெட்டியவள். அப்படியொரு கை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குள் போனால், சில மரங்களில் சிவப்பு நாடா கட்டியிருந்தது. வெட்டிக் கழித்த பனியன் துணிக் கீற்றுதான். இங்கொரு வேலம், அங்கொரு வேம்பு என்று இடைவெளி விட்டுத் தொங்கியது. யாரோ விளையாட்டுக்குக் கட்டிவிட்டுப் போனது என்று நினைத்தாள். மரம் மரமாகப் போய் வெட்டி எடுத்துப் பைக்குள் திணித்துக்கொண்டு, வழக்கமான நிழலில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் மரம் அறுக்கும் மெஷினோடு தங்கதுரை என்கிறவர் வந்தார். கூடவே சங்கத்துச் செயலாளர் சண்முகவேல். எந்த மரம் என்று தங்கதுரை கேட்க, நாடா கட்டியதெல்லாம் என்று இவர் சொல்ல, நாடா எங்கே என்று இருவரும் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கேட்டில் காவலிருக்கும் அங்கமுத்து மருதாளைக் கை காட்டினார்.

மருதாளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. குப்பை என்று நினைத்து வெட்டிவிட்டதாகச் சொன்னாள். சண்முகவேல் கோபப்படவில்லை. அளந்து நாடா கட்டியவர் ஊருக்குப் போய்விட்டார், எந்தெந்த மரம் என்று நினைப்பிருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்று சொல்லி, காட்டிக்கொடுக்கவே எழுந்தாள். நாலு எட்டு வைத்த பிறகுதான் எதற்கு என்று கேட்கத் தோன்றியது.

வாக்கிங் போவதற்குச் சிமெண்டுப் பாதை வரப்போகிறது, வழியில் நிற்பதை எடுக்க வேண்டும் என்றார் அவர்.

மருதாள் திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"என்னம்மா உக்காந்துட்ட? வந்து காட்டு."

"காட்டமாட்டனுங்க."

அவர் பொறுமையாகவே பேசினார். முள் குத்தி வயசானவர்கள் நடக்க முடியவில்லை என்றார். ஒன்று போனால் பத்து மகிழஞ்செடி வைப்போம் என்றார். இதெல்லாம் நாங்கள் வைத்த மரமா, தானாக வந்ததுதானே என்றார். கத்துகிறவரை எதிர்ப்பது சுலபம். நயமாகப் பேசுகிறவரிடம் முடியாதென்று சொல்வதற்குத்தான் தெம்பு வேண்டும், இல்லையா?

"நானும் இந்த ஊருக்குத் தானாத்தானுங்க வந்தேன்" என்றாள் மருதாள். "என்னய ஆரும் வெத்தல பாக்கு வெச்சுக் கூப்படலீங்க."

பிரிசில்லா காதோடு யோசனை சொன்னாள். ஒரு கல்லை நட்டு மஞ்சள் தடவிவிட்டால் ஒருத்தரும் கை வைக்க மாட்டார்களாம்.

"சாமிய எதுக்குப் புள்ள இழுக்கற. மரம்னு சொன்னாப் பத்தாதா?"

சண்முகவேலுக்கு முகம் சிவந்தது. தன் பையிலிருந்து மிச்ச நாடாவை எடுத்து, குத்துமதிப்பாகத் தானே கட்ட ஆரம்பித்தார். மருதாள் பின்னாலேயே போனாள். அவர் முடிச்சுப் போட்டு நகர்ந்ததும் இவள் டிரிம்மரால் ஒரு கடி. அவர் கட்ட, இவள் வெட்ட. சொந்த ஊருக்கு வீடியோ காலில் குட்டையைக் காட்டிக்கொண்டிருந்த வடநாட்டுத் தொழிலாளிகள் போனை இந்தப் பக்கம் திருப்பினார்கள். தங்கதுரை மெஷினைக் கீழே வைத்துவிட்டு, வெயில் தாங்காமல் ஒரு வேலமரத்தடியில் உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டார். "நீங்க பேசி முடிச்சுட்டுச் சொல்லி உடுங்க சார்" என்றார்.

"பெயிண்ட் அடிச்சுப் போடறேன், அப்ப என்ன பண்ணுவ?" என்றார் சண்முகவேல்.

"நானும் ஒரு டப்பா கொண்டாந்து எல்லா மரத்துக்கும் அடிச்சுப் போடறனுங்க. உங்க மகிழமரத்துக்கும் சேத்தி."

"இனிமே உன்னயக் கேட்டுக்குள்ளயே உட வேண்டாம்னு சொல்லிப் போடுவேன், பாத்துக்க."

இது மட்டும் மருதாளுக்குச் சுருக்கென்றது. இருப்பது ஒரு ஞாயிறு. தலைக்கு மேல் விரிந்த கிளையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள்.

"சொல்லிக்கோங்க. நான் ரோட்டுல நின்னு பாத்துக்கறனுங்க. மரம் நின்னாச் செரி."

அன்றைக்கு மரம் எதுவும் அறுபடவில்லை. ஆனால் சண்முகவேல் சொன்னபடியே செய்தார். அடுத்த ஞாயிறு, உள்ளே விடக்கூடாதென்று உத்தரவுங்க என்று அங்கமுத்து தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அளப்பவரும் அன்றைக்கு வந்திருந்தார், கையில் புது நாடாச் சுருள். மருதாள் வேலிக்கு வெளியே மேம்பாலத்துத் தூசியில் நின்றாள். பக்கத்தில் பிரிசில்லா. பிரிசில்லா சொல்லி வந்த செக்கிங் பெண்கள் அவளுக்கு அந்தப் பக்கம். ஞாயிறென்று பாராமல் எல்லோர் கழுத்திலும் டிரிம்மர் தொங்கியது. அளப்பவர் அவர்களைப் பார்த்தார், மரங்களைப் பார்த்தார், சண்முகவேலிடம் என்னவோ கேட்டார். பிறகு பாதையைக் குட்டைக்கு அந்தப் பக்கமாக வளைக்க முடியுமா என்று டேப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நாடாச் சுருள் பைக்குள் போனது.

கேட் திறக்கவில்லை. அங்கமுத்து உள்ளே நின்றபடி, "நீங்க ஊட்டுக்குப் போங்கம்மிணி, வெயிலா இருக்குது" என்றார். அவருடைய காக்கிச் சட்டைக் கையில் ஒரு நூல் தொங்கியது. மருதாள் கம்பிக்குள் கையை விட்டு அதை வெட்டினாள்.

"அடுத்த வாரமும் வருவேன்னு உங்க செயலாளருகிட்டச் சொல்லிப் போடுங்க."