அறிந்த குறைகள்

1

முதலில் ஒரு வாக்குமூலம். இந்தக் கதை என்னுடையது அல்ல, என் தங்கையிடமிருந்து சுட்டது. அவள் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டர். அதாவது, மற்றவர்கள் செய்து வைத்ததில் ஓட்டை கண்டுபிடிப்பது அவள் தொழில். சின்ன வயதிலேயே என்னை வைத்துப் பழகிக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் துணி மடித்துக்கொண்டே ஆபீஸ் சமாச்சாரத்தைச் சொன்னாள். நான் தலையாட்டியபடி மனதுக்குள் பத்தி பிரித்துக்கொண்டிருந்தேன்.

"இதையெல்லாம் எழுதிடாதண்ணா" என்றாள்.

பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதைதான். பிறகு ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். எழுதியதை அவள் டெஸ்ட் செய்வாள். குறை இருந்தால் நான் திருத்த வேண்டும்.

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"மென்பொருள் என்பது ஒரு பெருங்கடல். அதில்" [அடித்துவிட்டேன். மன்னிக்கவும்.]

"நாற்காலிகள் இருந்தும் அந்த அறையில் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள்." [மோசமில்லை. ஆனால் ஏன் நிற்கிறார்கள் என்று சொல்வதற்குள் நீங்கள் போய்விடுவீர்கள்.]

"முட்டுக்கட்டை அன்று சீக்கிரமே ஆபீஸுக்கு வந்துவிட்டாள்." [இது இருக்கட்டும்.]

2

முட்டுக்கட்டை அன்று சீக்கிரமே ஆபீஸுக்கு வந்துவிட்டாள். என் தங்கைக்கு இந்தப் பெயர் ஆபீஸ் வைத்தது. எதை வெளியிடப் போனாலும் "கொஞ்சம் இருங்க" என்று நிறுத்துவதால் கிடைத்த பட்டம். அவளுக்கு அதில் வருத்தமில்லை. சரிவில் நிற்கும் லாரிக்குக் கீழே எதை வைக்கிறார்கள் என்று திருப்பிக் கேட்பாள்.

அவர்கள் செய்துகொண்டிருந்தது ஒரு டயாலிசிஸ் மையத்துக்கான மென்பொருள். சிறுநீரகம் பழுதானவர்கள் வாரத்துக்கு மூன்று முறை வந்து, நாலு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்திருந்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போகிற இடம். ஒரு முறை தவறினால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும். இரண்டு முறை தவறினால் மூச்சு முட்டும். யாருக்கு எந்த நாள், எந்தப் படுக்கை என்று பார்த்துக்கொள்வதுதான் மென்பொருளின் வேலை. முந்தைய நாள் மாலை "நாளை உங்கள் முறை" என்று ஒரு எஸ்எம்எஸ் போகும். வந்தால் கிளம்புவார்கள். வராவிட்டால் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

பழைய மென்பொருள் பதினைந்து வருடம் ஓடியது. ஒரே மூட்டை, பார்க்கச் சகிக்காது. ஆனால் ஒருவரைச் செவ்வாயிலிருந்து புதனுக்கு மாற்றச் சொன்னால் ஒரே மூச்சில் மாற்றும். முடியாவிட்டால் முடியாது என்று சொல்லிவிடும். இந்த அவலட்சணத்தைப் போக்க வந்து சேர்ந்தவர் ஆர்க்கிடெக்ட், அதாவது மென்பொருளுக்கு வரைபடம் போடுகிறவர். ஆபீஸில் அவருக்குச் சிற்பி என்று பெயர். வந்த முதல் வாரமே வெள்ளைப் பலகையில் பதினான்கு கட்டம் வரைந்தார்.

"ஒவ்வொண்ணும் தன் வேலையை மட்டும் பாக்கும். அடுத்ததோட வேலையில மூக்கை நுழைக்காது" என்றார்.

இதே கொள்கையால் நாசமாய்ப் போன குடும்பங்கள் உண்டு. ஆனாலும் பலகையில் அழகாகத்தான் இருந்தது.

[ஓர் அடிக்குறிப்பு, அடிக்குப் போகாமல் இங்கேயே: பதினான்கில் ஒரு கட்டத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று ஒன்பது நாள் சண்டை நடந்தது. அதே வாரம் மூவாயிரம் வரி நிரலை நாலே நிமிடத்தில் "நல்லா இருக்கு" என்று ஒப்புக்கொண்டார்கள். பெயர் வைக்க எல்லோருக்கும் வாய் உண்டு. மூவாயிரம் வரியைப் படிக்க யாருக்குத் தெம்பு இருக்கிறது?]

புது மென்பொருளை ஒத்திகை பார்க்க மையத்துக்கும் கொடுத்திருந்தார்கள். அங்கே வரவேற்பு மேசையில் இருக்கும் பெண் முட்டுக்கட்டைக்குப் போன் செய்தாள்.

"அக்கா, ஒருத்தருக்கு நாள் மாத்திப் பாத்தேன். பழைய நாள்லயும் ஆள் இல்ல, புது நாள்லயும் இல்ல. நான் ஏதாவது தப்பா அமுக்கிட்டேனா?"

"நீ சரியாத்தாம்மா அமுக்கியிருக்க" என்றாள் முட்டுக்கட்டை.

3

காரணத்தைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒன்றரை நாள் ஆனது. உங்களுக்கு ஒரு பத்தி போதும்.

பழைய நாளிலிருந்து ஆளை எடுப்பது ஒரு கட்டத்தின் வேலை. புது நாளில் போடுவது இன்னொரு கட்டத்தின் வேலை. முதலாவது எடுத்துவிட்டு இரண்டாவதுக்குத் தகவல் அனுப்பும். இரண்டாவது மும்முரமாக இருந்தால் மூன்று முறை அனுப்பிப் பார்க்கும். அப்புறம், போய்ச்சேராத தகவல்களுக்கென்று வைத்திருக்கும் ஒரு பெட்டியில் போட்டுவிடும். அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்பது யார் வேலை? பதினான்கு கட்டத்தில் எதன் வேலையும் இல்லை. யாரும் அடுத்ததில் மூக்கை நுழைக்கவில்லை, பாருங்கள்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் சொன்னாள். அந்தக் கூட்டத்தை நின்றுகொண்டே நடத்துவார்கள். கால் வலித்தால் பேச்சு சுருங்கும் என்பது தத்துவம்.

சிற்பி பதறவில்லை. "இது பிழை இல்லம்மா. ரெண்டு பக்கமும் கடைசியில ஒத்துப்போயிடும். டிசைனே அப்படித்தான்."

"எத்தனை மணி நேரம் சார் அந்தக் கடைசி?"

"அது... பெட்டியை யாராவது திறக்கிற வரைக்கும்."

"யார் திறப்பாங்க?"

மேனேஜர் கையைத் தூக்கினார். "நல்ல கேள்வி. இதைத் தனியாப் பேசிக்கலாம்."

தனியாகப் பேசிக்கலாம் என்பதற்கு அந்த ஆபீஸில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முட்டுக்கட்டை பதினொரு நாள் தொடர்ந்து சொன்னாள். பதினொரு நாளும் தனியாகப் பேசிக்கொள்ள முடிவானது. எல்லோருக்கும் கால் வலித்ததுதான் மிச்சம்.

4

அவளை முற்றிலும் உதாசீனம் செய்தார்கள் என்று எழுதினால் பாவம் சேரும். முறைப்படி எல்லாம் நடந்தது. அவள் சொன்ன குறையை மஞ்சள் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். திருத்த எவ்வளவு வேலை ஆகும் என்று மதிப்பிட உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு கட்டு எண் அட்டை. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒன்றைத் தூக்கிக் காட்ட வேண்டும். ஐந்து வந்தது, எட்டு வந்தது. சிற்பி பதிமூன்றைக் காட்டினார். பதிமூன்று என்றால் பெரிய வேலை, அதை உடைக்க வேண்டும். எப்படி உடைப்பது என்று ஆராய இன்னொரு சீட்டு. அந்தச் சீட்டையும் மதிப்பிட வேண்டும்.

இதற்குள் வெளியீட்டுக்கு நாலு நாள்தான் இருந்தது. மேனேஜர் அறையில் ஒரு வரைபடம் தொங்கியது. பாக்கிக் குறைகளின் கோடு வியாழனன்று பூஜ்யத்தைத் தொட வேண்டும். ஒன்றில் நின்று முறைத்துக்கொண்டிருந்தது. அந்த ஒன்று அவளுடையது.

"நூறு தடவை நாள் மாத்தினா ஒரு தடவைதாம்மா இப்படி ஆகுது" என்றார் மேனேஜர்.

"அந்த ஒரு தடவையில ஒரு ஆள் இருக்காரு சார்."

மேனேஜர் கெட்டவர் இல்லை. இரண்டு நிமிடம் உண்மையாகவே யோசித்தார். பிறகு எழுந்து போய், மஞ்சள் சீட்டைப் பிய்த்து, 'அறிந்த குறைகள்' என்ற தலைப்பின் கீழ் ஒட்டினார். நமக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்தது பாக்கியில் வராது. கோடு பூஜ்யத்தைத் தொட்டது. வாசலில் நின்ற சிலர் கைதட்டினார்கள்.

இனி ஒன்றே ஒன்றுதான் மீதி. தரம் சரி என்று டெஸ்டர் ஒப்புதல் கொடுக்க வேண்டும். திரையில் ஒரு பச்சைப் பொத்தான். அவள் கை அந்தப் பொத்தானை

5

[இங்கே நிறுத்திவிட்டுத் தங்கையிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் அனுப்பிய குறைப் பட்டியல்:]

ஒன்று. சிற்பி ரொம்ப முட்டாளாக வருகிறார். நிஜத்தில் அவர் கெட்டிக்காரர், அதுதான் பிரச்சினையே. கடுமை: நடுத்தரம்.

இரண்டு. மையத்தில் மேசையில் இருந்த பெண் இரண்டாம் பகுதியில் வருகிறாள். மூன்றிலும் இல்லை, நான்கிலும் இல்லை. கடுமை: அதிகம்.

இரண்டாவதைப் பார்த்ததும் எனக்கு முகம் சுண்டிவிட்டது. கதையை எண் போட்டு அழகாகப் பிரித்தேன். ஒவ்வொரு பகுதியும் தன் வேலையை ஒழுங்காகப் பார்த்தது. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே ஓர் ஆளைத் தொலைத்துவிட்டேன். சிற்பியைக் கிண்டல் செய்த அதே கையால்.

மூன்றாவது குறை போனில் வந்தது. முந்தைய வரைவில், கதையில் அழுத்தம் போதவில்லை என்று முட்டுக்கட்டையின் அப்பாவையே டயாலிசிஸ் நோயாளி ஆக்கியிருந்தேன்.

"எங்கப்பா நல்லா இருக்காரு. உனக்கும் அவர்தான் அப்பா, ஞாபகம் இருக்கா?"

"கதைக்காகத்தானே."

"ஏன்ணா, முன்பின் தெரியாத ஒருத்தர்னா படிக்கிறவங்களுக்கு மனசு வராதா? சொந்த அப்பாவா இருந்தாத்தான் சாகக் கூடாதா?"

அப்பாவை எடுத்துவிட்டேன். எனக்குக் கோபம்தான்.

6

பொத்தானுக்கு வருவோம். மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதல் முடிவு: அவள் மறுக்கிறாள். அறை அமைதியாகிறது. சிற்பி தலைகுனிகிறார். அவள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே [மேலே எழுத எனக்கே கூச்சமாக இருந்தது].

இரண்டாம் முடிவு: அவள் மறுக்கிறாள். மேனேஜர் அஞ்சே நிமிடத்தில் நடைமுறையைத் திருத்துகிறார். இனி டெஸ்டர் ஒப்புதல் தேவையில்லை. பொத்தான் சாம்பல் நிறமாகிறது. [நம்பும்படி இருக்கிறது.]

மூன்றாம் முடிவு: அவள் அமுக்குகிறாள்.

"மூணாவதுதான் நடந்துச்சு" என்றாள் தங்கை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீயா? பதினொரு நாள் கத்திட்டு?"

"மறுத்திருந்தா என்னை வேற வேலைக்கு மாத்தியிருப்பாங்க. உன் கதையில நான் நல்லவளாத்தான் இருப்பேன். அதுக்கப்புறம் தினம் வர்றவங்க லிஸ்ட்டை யார் பாப்பாங்க?"

அப்போதுதான் மிச்சத்தைச் சொன்னாள். வெளியீடு முடிந்த மறுநாளிலிருந்து, தினமும் காலை ஆறு மணிக்கு, மையத்துப் பெண்ணோடு போன். அவள் திரையில் தெரியும் அன்றைய நோயாளி எண்களைப் படிப்பாள். பேர் கிடையாது, எண் மட்டும். முட்டுக்கட்டை ஒரு நோட்டில் டிக் அடிப்பாள். அன்று யார் யார் வர வேண்டும், யார் யார் நாள் மாற்றச் சொன்னார்கள் என்பது முழுக்க, மேசைப் பெண் முந்தைய நாளே சொன்னபடி, அந்த நோட்டில் கையால் எழுதியிருக்கும். டிக் விழாத எண்ணை மேசைப் பெண் உடனே கூப்பிடுவாள். எட்டு வாரத்தில் நாலு பேர் அப்படிச் சிக்கினார்கள்.

"அவளே தனியாப் பண்ணக் கூடாதா?"

"ஒருத்தர் படிக்கணும், ஒருத்தர் டிக் அடிக்கணும். தனியாப் பண்ணா கண்ணு ஏமாத்திடும். பண்ணிப் பாத்துட்டோம்."

சிற்பி ஒரு பெரிய மாநாட்டில் பேசினார். பதினான்கு கட்டமும் பளபளவென்று திரையில் வந்தன. எட்டு வாரமாக ஒரு நோயாளிகூட விடுபடவில்லை என்று சொன்னார். அது சத்தியமான உண்மை. அவர் வரைந்ததில் எங்கும் இல்லாத பதினைந்தாவது கட்டம் ஒன்று தினமும் ஆறு மணிக்கு எழுந்து பல் தேய்க்காமல் போன் பேசுவது அவருக்கு எப்படித் தெரியும்?

7

வெளியீடு இவ்வளவு வெற்றியானதால் கம்பெனி தங்கைக்கு ஒரு மரியாதை செய்தது. சிறந்த செயல்முறைகள் பற்றிய பத்து நாள் பயிற்சி, தங்குமிடத்தோடு. கவனம் சிதறக் கூடாதென்று போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்களாம். மேனேஜரிடம் நோட்டைக் காட்டி, பத்து நாளைக்கு வேறு ஆள் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள்.

"நல்ல விஷயம். திரும்பி வந்ததும் தனியாப் பேசிக்கலாம்" என்றாராம்.

நோட்டை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். ஒன்பது மணிக்கு முன் நான் விழித்ததாகச் சரித்திரம் இல்லை. அவளுக்கும் அது தெரியும். வேறு ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

முதல் நாள் நாற்பத்தெட்டு எண், நாற்பத்தெட்டு டிக். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் போனை வைத்தபோது மனதில் லேசாக ஓர் ஏமாற்றம். இதை மறைத்தால் வாக்குமூலம் பாதியில் நின்றுவிடும். ஓர் எண் குறைந்திருந்தால் கதைக்கு முடிவு கிடைத்திருக்குமே என்று நினைத்தேன். நினைத்த மறு கணமே என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

இன்று ஐந்தாம் நாள். மேசைப் பெண் கடைசி எண்ணைப் படித்து முடித்தாள். நோட்டில் முப்பத்தொன்றுக்கு நேரே ஒன்றும் விழவில்லை.

"இன்னொரு தடவை படிம்மா."

படித்தாள். இல்லை.

"அவர் சனிக்கிழமையிலிருந்து இன்னைக்கு மாத்தச் சொன்னாரு சார். இருங்க, கூப்பிடுறேன்."

அந்த ஆறு நிமிடத்தில் நான் ஒரு வாக்கியம்கூட யோசிக்கவில்லை. ஏழாவது நிமிடம் அவள் திரும்பக் கூப்பிட்டாள்.

"கிளம்பிட்டாரு சார். மெசேஜே அனுப்பாம விடியக்காலையில எழுப்புறீங்களேன்னு செம திட்டு."

"உன்னையா?"

"என்னையும், உங்களையும். போன்ல டிக் அடிக்கிறவர் ஒருத்தர் இருக்காருன்னு சொன்னேன். அந்த ஆளுக்கு வேற வேலையே இல்லையான்னு கேட்டாரு."

இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. பயிற்சி முடிந்து தங்கை வந்தபின் எத்தனை நாள் என்று யாருக்கும் தெரியாது. உங்களுக்கு முடிவு வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். சிற்பியைக் கவிழ்க்கலாம், மேனேஜரைத் திருத்தலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. எழுதுவதற்கு முன் நாற்பத்தெட்டையும் ஒரு முறை எண்ணிவிடுங்கள். நான் அலாரம் வைத்துவிட்டுப் படுக்கப் போகிறேன்.