பட்டியலில் இல்லாத டிரம்

மும்பை தாராவிச் சந்தில் ராஜபாண்டியின் வீடு பத்தடி அகலம், பதினைந்தடி நீளம். கீழே அவனும் கூலிக்கு வரும் சலாவுதீன் பாயும் பை தைக்கும் பட்டறை, மேலே குடும்பம். மேல்தளத்தைத் தாங்கும் இரும்பு கர்டருக்கு நடுவில் ஒரு குழாய்த் தூண் முட்டுக்கொடுத்து நின்றது. புதிதாக வாங்கிய வெட்டுமேசையைப் போட அந்தத் தூண் இடைஞ்சல். எடுத்துவிடலாமா என்று மேஸ்திரியைக் கேட்டான்; அவர் தலையைச் சொறிந்தார். தங்கை இசக்கிசெல்வியைக் கேட்டான். அவள் லேப்டாப்பைத் திறந்தாள்.

அவளுக்கு மாட்டுங்காவில் வெங்கி சாரின் அலுவலகத்தில் வேலை. பிளாட் வாங்கியவர்களுக்குக் கணினியில் வீட்டை வரைந்து, சோபா இங்கே, கட்டில் அங்கே என்று காட்ட வேண்டும். அந்த மென்பொருளில் தளம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்க்கவும் ஒரு பொத்தான் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டேப் பிடித்து அளந்து, கர்டரின் அளவைக் கொடுத்து, கட்டில், பீரோ, அடுப்பு மேடை, நாலு ஆட்கள் என்று ஒவ்வொன்றாகப் பட்டியலிலிருந்து இழுத்துப் போட்டாள். தூணை அழித்தாள். பொத்தானை அமுக்கினாள். பச்சை வந்தது. அடியில் பொடி எழுத்தில், பொறியாளரைக் கேட்காமல் எதையும் செய்யாதே என்கிற மாதிரி ஏதோ இருந்தது. அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்? சரி என்று தட்டிவிட்டாள்.

அன்றைக்கு வீட்டில் அவளுக்கு ராஜமரியாதை. அண்ணன் மனைவி சண்முகவடிவு மீன் துண்டில் பெரியதாகப் பார்த்து நாத்தனார் தட்டில் வைத்தாள்.

புதன்கிழமை காலையில் தூணை அறுத்து எடுத்தார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு, அலுவலகத்தில் இருந்தவளுக்கு அண்ணன் போன் செய்தான்.

"ஏட்டி செல்வி, மேசை கிண்ணுனு உக்காந்துட்டு. பட்டறையே பெருசாத் தெரியுது. அந்த ஸ்டோர் ரூம் கதவுதான் எளவு தொறக்க மாட்டேங்கு. சலாவுதீன் தோள வச்சு இடிச்சும் பாத்துட்டான். மரம் ஊதிருச்சு போல."

"காலைல தொறந்துச்சாண்ணே?"

"மத்தியானங்கூடத் தொறந்துச்சே."

போனை வைத்த பிறகு அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து தண்ணீர் குடித்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். மழைக்காலத்தில் மரம் ஊதும். இது மே மாதம். அந்தக் கதவு நிற்பதோ சரியாகக் கர்டருக்கு அடியில்; கர்டர் தொங்கினால் கதவு இறுகும்.

அப்போதுதான் சந்துக்காரர்களின் வாட்ஸப் குழுவைப் பார்த்தாள். குழாய் வேலை, நாளையும் மறுநாளும் தண்ணீர் வராது என்று யாரோ காலையிலேயே போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே மைனி சண்முகவடிவு அனுப்பிய படம். நீல டிரம் நாலில் விளிம்பு வரை தண்ணீர், ஐந்தாவதில் ஹோஸ் தொங்கிக்கொண்டிருந்தது. 'நம்ம வீட்டுல ஃபுல்' என்று பெருமை வேறு.

செல்வி லேப்டாப்பை இழுத்தாள்.

மென்பொருளின் பட்டியலில் பாத்டப் இருந்தது, மீன்தொட்டி இருந்தது, பியானோகூட இருந்தது. டிரம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த ஐந்தும் காலியாகக் கவிழ்ந்து கிடந்தன, அவளும் விட்டுவிட்டாள். பாரமான எதையும் தூணுக்கு நேர் மேலே வைப்பது அந்தச் சந்தில் எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். இப்போது தூண் போய்விட்டது. டிரம்கள் பழைய இடத்திலேயே, கர்டரின் நடுவயிற்றில் நிற்கின்றன. ஒரு டிரம்முக்கு இருநூறு லிட்டர்.

ஆயிரம் கிலோ வருகிற வரைக்கும் பாத்டப்புகளை அறையின் நடுவில் அடுக்கினாள். பின்னால் வந்து நின்ற வெங்கி சார், "என்னம்மா இது, பாத்டப் கடையா?" என்றார். அவள் பொத்தானை அமுக்கினாள். கர்டர் முழுக்கச் சிவப்பு.

அண்ணன் போனை எடுக்கவில்லை. தையல் மெஷின் சத்தத்தில் அவனுக்கு எதுவும் கேட்காது. மைனி எடுத்தாள்.

"மைனி, டிரம்முத் தண்ணிய ஊத்திருங்க. எல்லாரும் வெளிய வந்துருங்க."

"ஒனக்கென்ன கிறுக்கா? ரெண்டு நாளைக்குத் தண்ணி கெடையாது. ஊத்தணுமாம்லா!" வைத்துவிட்டாள்.

அவள் பிடித்த டாக்ஸி நைன்ட்டி ஃபீட் ரோட்டில் டெம்போக்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றது. செல்வி இறங்கி ஓடினாள். வழியில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குடம், வாளி, தண்ணீர். எல்லாவற்றுக்கும் எடை இருக்கிறது என்பது இன்றைக்குத்தான் கண்ணில் படுகிறது. அண்ணனையும் மைனியையும் கொல்லப் பார்த்தோமே என்று நினைத்துக்கொண்டே ஓடினாள்.

பட்டறைக்குள் அண்ணனும் சலாவுதீனும் ஸ்டோர் ரூம் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, வெளிய வா! பாய், நீங்களும் வாங்க! தூணு எங்க?"

"பங்கார்க் கடையில எடைக்குப் போட்டாச்சேட்டி. என்ன விசயம்?"

பதில் சொல்ல நேரமில்லை. இருவரையும் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டு இரும்பு ஏணியில் ஏறினாள். மைனியைக் கீழே தள்ளாத குறையாக இறக்கினாள். குழாயிலிருந்து ஹோஸைப் பிடுங்கி, ஒரு முனையை முதல் டிரம்முக்குள் விட்டு, மறுமுனையை வாயால் உறிஞ்சி ஜன்னல் வழியே சந்துக்குள் போட்டாள்.

"தண்ணி வேணுங்கறவங்க குடத்தக் கொண்டாங்க! மேல மட்டும் யாரும் ஏறிராதீங்க!"

சொல்லி வாய் மூடவில்லை, கீழே குடங்கள் வரிசை கட்டின. "ஒத்த ஆளாப் புடிச்சு நெறச்ச தண்ணிட்டி அது!" என்று மைனி அழுதுகொண்டே கத்தினாள். செல்வி சுவரோடு ஒட்டி நின்று வாளியால் அள்ளி அள்ளி ஜன்னலுக்கு வெளியே ஊற்றினாள். தளம் எங்கேயாவது முனகினால் வாளியை நிறுத்திக் காது கொடுத்தாள். இவ்வளவு பயத்தை அவள் இதற்குமுன் அறிந்ததில்லை.

நாலாவது டிரம் பாதி வற்றியபோது கீழே ஒரு சத்தம். யாரும் தொடாமலே ஸ்டோர் ரூம் கதவு கிறீச்சென்று ஒரு சாண் திறந்துகொண்டது. சந்திலிருந்தவர்கள் குடத்தை மறந்து எட்டிப் பார்த்தார்கள். ராஜபாண்டி கதவைப் பார்த்தான், பிறகு மெல்ல அண்ணாந்து கர்டரைப் பார்த்தான்.

எல்லாம் வற்றிய பிறகு செல்வி நனைந்த துணியோடு இறங்கி வந்தாள்.

"பச்சைன்னு சொன்னியேட்டி."

"தப்புண்ணே. டிரம்ம நான் கணக்குல சேக்கல."

"ஏன்?"

"கம்ப்யூட்டர் லிஸ்ட்ல அது இல்ல."

ராஜபாண்டி மேலே கை காட்டினான்.

"ஏழு வயசுலேருந்து நீ நெறச்ச டிரம்முட்டி."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. பழைய இரும்பு வாங்கும் அந்தப் பங்கார்க் கடை மூடுவதற்குள் தூணைத் திருப்பி வாங்க அவனும் சலாவுதீனும் ஓடினார்கள். மைனி மூக்கைச் சிந்திவிட்டு ஒரு காலிக் குடத்தை இடுப்பில் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு சபுராவின் வாசலுக்குப் போனாள். சற்றுமுன் ஜன்னல் தண்ணீரில் ஆறு குடம் பிடித்துப் போனவள் சபுராதான்.

"அக்கா, ரெண்டு நாளைக்கு ரெண்டு குடம் குடுங்க."

செல்வி இன்னொரு குடத்தை எடுத்துக்கொண்டு மைனிக்குப் பின்னால் போய் நின்றாள்.