முப்பத்தேழாம் நம்பர் துணி

1

இந்தக் கதை ஒரு துணித்துண்டிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். போன வாரம் பட்டாவைத் தேடி டிரங்குப் பெட்டியைக் கிளறியபோது அடியில் கிடைத்தது. ஒரு சாண் அகல வெள்ளைத் துணி. கறுப்பு மையில் 37. நாலு மூலையிலும் துருப்பிடித்த ஊக்கு. என் மனைவி செங்கம்மாள் ஒன்பது வருஷமாக அதைப் பத்திரப்படுத்தியிருக்கிறாள்.

“இன்னாத்துக்கு இத வெச்சிகினு கீறே?” என்றேன்.

“என்னிக்காவது கேப்பீங்கன்னுதான்,” என்றாள்.

கவரைப்பேட்டைக்கு மேற்கே மூன்று மைலில் எங்கள் ஊர். நெல் விளையும் பூமி. நாலு தலைமுறையாகப் பஞ்சாயத்தில் எங்கள் வீட்டுச் சொல்லுக்கு எதிர்ச்சொல் எழுந்ததில்லை. அப்படிப்பட்ட வீட்டின் மூத்தவன் எழுத உட்கார்ந்தால் முதல் வரி எப்படி வரும்? இப்படித்தான் வந்தது:

‘என் தம்பி பரசுராமன், பெற்ற தகப்பன் செத்துக் கிடந்த அன்று ஓட்டப் பந்தயத்தை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தான்.’

ஊரில் நான் சொல்லிவருவதும் இதுதான். எழுதிப் பார்த்தால் வாக்கியம் நன்றாக நிமிர்ந்து நிற்கிறது. ஒரே குறை, அது பொய்.

2

இரண்டாவது தொடக்கம்.

‘1966, மாசி மாதம். திருவள்ளூரிலிருந்து பெரியபாளையம் வரை பதினாலு மைல் பந்தயம். தார் உருகும் வெயிலில்—’

(நிறுத்திவிட்டேன். வெயிலை வர்ணித்தே பக்கத்தைக் கடத்தப் பார்க்கிறேன்.)

நடந்ததைச் சொல்கிறேன். அன்று காலை எங்கள் நைனா போய்விட்டார். எங்கள் நிலத்தில் வேலை செய்யும் துலுக்காணத்தைச் சைக்கிளில் அனுப்பினேன். பந்தயம் முடியும் கயிற்றுக்கு ஒரு பர்லாங் முன்னால் அவன் பரசுராமனை மறித்துச் சொன்னான். தம்பி அப்போது இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்தான். கயிற்றைத் தொடவில்லை. அப்படியே விலகி எங்கள் ஊர்ப் பாதையில் திரும்பிவிட்டான். ஆற்று மணலில் சைக்கிள் பஞ்சர். ஆகவே பதினாலு மைல் ஓடிய கால்களோடு இன்னும் எட்டு மைல் ஓடினான். துலுக்காணம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு மணி நேரம் பின்னால் வந்தான்.

[பக்கக் குறிப்பு: பஞ்சரை முதலில் அடித்துவிட்டேன். பஞ்சர் இருந்தால் தம்பி பெரியவனாகிவிடுகிறான். பிறகு வெட்கப்பட்டு மறுபடி எழுதினேன்.]

3

இந்த அண்ணன் பாத்திரம்தான் எனக்குப் பிடிபடவில்லை. அவனுக்கு ஏதாவது நியாயம் வாங்கிக் கொடுக்கப் பார்க்கிறேன்.

எங்களில் பிள்ளைகள் குளித்து, ஈர வேட்டியோடு, வெற்றுடம்பாகத்தான் வாய்க்கரிசி போட வேண்டும். தம்பியோ அரை டிராயரும் பனியனுமாக, நெஞ்சில் 37-ஐக் குத்திக்கொண்டு, தொடையெல்லாம் உப்புப் பூத்து வாசலில் நின்றான். மாமன் வகையறாவில் சின்னதுரை என்று ஒருவர். அவர் சிரித்தார்.

“இன்னாபா, பந்தயக் குதிர வந்துகீது!”

அந்தச் சிரிப்பு எனக்குள் இறங்கியது. “நம்பர் குத்திகினு நைனாகிட்ட வராதே. போய்க் குளிச்சிட்டு வேட்டி கட்டிகினு வா,” என்றேன்.

“தோ வந்துட்டேன்ணா.” கொல்லைக் கிணற்றடிக்கு ஓடினான்.

இதுவரை அண்ணன் செய்தது முறை. வாசகரும் ஒப்புக்கொள்வீர்கள். இங்கே கதையை முடித்தால் குடும்ப மானத்துக்குக் குந்தகமில்லை.

[இதற்குக் கீழே ஒரு பத்தியை மூன்று முறை அடித்தேன். நான்காம் முறை விட்டுவைக்கிறேன்.]

அவன் தலை மறைந்ததும், “தூக்குங்க,” என்றேன்.

“தம்பி குளிச்சிகினு கீறான்பா,” என்றார் யாரோ.

“பொழுது சாயுது.”

பொழுது சாய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. சொட்டச் சொட்ட வேட்டியோடு, கைப்பிடி அரிசியோடு வந்தவன் வெறும் முற்றத்தைப் பார்த்தான். சுடுகாட்டுக்கும் ஓடி வந்தான். அதற்குள் நைனாவின் முகத்தை மூடி எரு அடுக்கியாகிவிட்டது. மூடிய முகத்தைத் திறக்கலாகாது என்று சொன்னவனும் நான்தான். அரிசி அவன் கையிலேயே இருந்தது. கிணற்றடியில் கழற்றி வைத்த நம்பரைச் செங்கம்மாள் எடுத்து வைத்தாள்.

4

பிறகு அவன் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் ஃபிட்டரானான். கல்யாணமும் அங்கேயே. சண்டைக்கு வரவில்லை, கடிதமும் போடவில்லை. மறுவருஷம் திவசத்தன்று, இடுப்பில் ஒரு வேட்டியைச் சுற்றிக்கொண்டு எட்டு மைல் ஓடி வந்தான். எங்கள் பம்புசெட்டில் குளித்து, வேட்டி கட்டி, வாசல் படலுக்கு வெளியே நின்றான். திவசத்தன்று வீட்டு மூத்தவன் ‘வா’ என்று அழைக்காமல் யாரும் படல் தாண்டுவதில்லை. நான் அழைக்கவில்லை. காக்கை சோறெடுக்கும் வரை நின்றுவிட்டுத் திரும்ப ஓடினான்.

எட்டு திவசத்துக்கும் இதேபோல் வந்தான்.

ஒரு வருஷம் செங்கம்மாள் படலருகே அவனுக்கு மோர் கொடுத்தபோது இருவரும் பேசியது ஜன்னல் வழியாக என் காதில் விழுந்தது.

“எட்டு மைலு எப்பிட்றா ஓடியார?”

“எட்டயும் நெனச்சா காலு நின்னுடும் அண்ணி. அந்தப் புளியமரம் வரிக்கும்னு ஓடுவேன். அங்க போனா வேற மரம் நின்னுகினு இருக்கும்.”

“உங்கண்ணன் வான்னு கூப்புடற மரம் எங்கடா கீது?”

“தெரியாதே! தெரிஞ்சா வேகமா ஓடி மூச்சு முட்டிப்பேன்.” சிரித்தான். மோரைக் கேட்டு இன்னொரு டம்ளர் வாங்கினான்.

இதை வெறும் பேச்சென்று நினைத்தேன். எழுபத்தொன்றில் அவன் மனைவி குப்பம்மாளுக்குக் காசநோய் வந்தது. ஒன்றரை வருஷம் விடாமல் மருந்து. நாலாம் மாதமே இருமல் நின்று முகம் தெளிந்துவிட்டது. பிறகு நடந்ததை அவளே செங்கம்மாளிடம் சொன்னாள்:

“நல்லாத்தானேக்கா கீறேன், இன்னும் இன்னாத்துக்கு ஊசின்னு அழுதேன். ‘பாதி வழியில ஒடம்பு லேசாவும் பாரு, அங்கதான் நெறய பேரு ஏமாந்து விழுவான். மொத்தத்த நெனைக்காத. இன்னிக்கு ஊசி மட்டும். ஏறு’ன்னு சைக்கிள்ல இட்டுகினு போயிட்டாரு.”

தினமும் ஷிப்டுக்கு முன்னால் போனார்கள். அவளோடு வரிசையில் நின்ற இரண்டு பேர், உடம்பு தேறிவிட்டதென்று பாதியில் நின்றுவிட்டார்கள். அவர்களுடைய கதையை நான் எழுதவில்லை. குப்பம்மாள் இன்று இரண்டு குடம் தண்ணீர் தூக்குகிறாள்.

எங்கள் வீட்டு முதுகெலும்பு வளையாதது என்று பெருமை பேசுகிறவன் நான். அவனுக்கும் அதே முதுகுதான். எட்டு வருஷம் படலுக்கு வெளியே நின்றவன் ஒருநாளும் கூனி நிற்கவில்லை. உள்ளே விடச் சொல்லிக் கேட்கவும் இல்லை, வராமலும் இருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து மானம் காத்த எனக்கு அது எத்தனை மைல் என்று இப்போதுதான் தெரிகிறது.

5

முடிவுகள்.

(அ) அவன் வருகிறான். ‘வா’ என்கிறேன். இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறோம். நம்பமாட்டீர்கள். எங்கள் வீட்டில் ஆண்கள் கட்டிக்கொள்வதில்லை.

(ஆ) அவன் வரவில்லை. போன வருஷமே முழங்கால் வலியில் நொண்டினான். இதை அரைப் பக்கம் எழுதிக் கிழித்துப்போட்டேன். மேலே எழுதக் கை வரவில்லை.

(இ) ‘வா’ என்கிறேன், உறவுக்காரர் மெச்சுகிறார்கள், என் பெருந்தன்மை ஊரில் நிற்கிறது. எனக்கு வசதியான முடிவு. நல்ல கையெழுத்தில் எழுதிச் செங்கம்மாளுக்குப் படித்தும் காட்டினேன்.

“கூப்புடறது சரி,” என்றாள். “தூக்குங்கன்னு சொன்னது யாருன்னு யாரு சொல்லுவா? பந்தயம் முடிச்சிட்டு வந்த புள்ளன்னுதான இன்னும் ஊரு சொல்லிகினு கீது?”

(இ)-யையும் அடித்துவிட்டேன்.

6

இன்று காலை திவசம். முற்றத்தில் உறவுக்காரர் கூடிவிட்டார்கள். சின்னதுரை மாமா பெஞ்சில் உட்கார்ந்து காப்பி கேட்கிறார். பரசுராமன் இந்நேரம் கும்மிடிப்பூண்டியை விட்டுப் புறப்பட்டிருப்பான். கவரைப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு எட்டு மணிக்கு வருவான்.

படலருகே நின்று அழைத்தால் போதாது. கேட் வரை நடந்து போய் அழைக்கப் போகிறேன். மடியில் கைப்பிடி அரிசியும் 37-ஆம் நம்பர் துணியும் இருக்கின்றன. அங்கே என் வாய் திறக்குமா, தெரியாது. உண்மையை ஊர் நடுவில் சொல்லும் தைரியம் திரும்பி வரும்போது மிஞ்சுமா, அதுவும் தெரியாது. அதனால் இந்தத் தாள்களைப் பெஞ்சின் மேல் போட்டு, சின்னதுரை மாமாவின் காப்பி டம்ளரை எடைக்கு வைத்துவிட்டுப் போகிறேன்.

எடுத்துப் படிக்கிறவர் யாரானாலும், சத்தமாகப் படியுங்கள். நாங்கள் இருவரும் படலைத் தாண்டும்போது எழுந்து நிற்பதா, முகத்தைத் திருப்பிக்கொள்வதா என்பது உங்கள் கையில்.

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. பத்து வருஷமாக மாட்டுவண்டியில்லாமல் கேட் வரை போனதில்லை. இங்கிருந்து பார்த்தால் மூன்று மைல் தெரியாது.

முதல் புளியமரம் தெரிகிறது.