என்ன கார்டு?

“உனக்கு வாய்னு ஒண்ணு எதுக்குடி இருக்கு, கொட்டாவி விடவா?” நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற அன்று அம்மா கேட்டது இது. இப்போது அந்த வாயை வைத்துக்கொண்டுதான் அவளுக்கு டாக்டர் தேட வேண்டியிருந்தது.

அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது. சாயங்காலமானால் கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. பெரிய ஆஸ்பத்திரியில், “இதயம் பலவீனமா இருக்கு, வீட்டுப் பக்கத்துல ஒரு பிசிஷியன்கிட்ட மாசாமாசம் காட்டுங்க” என்று அனுப்பிவிட்டார்கள். எங்களிடம் இருப்பது அரசுக் காப்பீட்டு அட்டை ஒன்றுதான்.

காலை வேலை முடிந்து வந்து அம்மா கண்ணயர்ந்ததும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு போன் செய்தேன். என்ன நோய் என்று ஒருவரும் கேட்கவில்லை. “என்ன கார்டு?” என்றார்கள். சொன்னதும் குரல் மாறிவிடும். “புது பேஷன்ட் எடுக்கிறதில்லைம்மா.” ஓரிடத்தில் “லைன்ல இருங்க” என்று பாட்டைப் போட்டுவிட்டுப் போனவள் திரும்பி வரவே இல்லை.

“நீ பேசுற லட்சணம் அப்படி,” என்றாள் அம்மா. “எலி மாதிரி முனகினா எவன் பதில் சொல்வான்? நம்ம டாக்டர்கிட்ட நானே கேட்டுக்கறேன், போ.”

நம்ம டாக்டர் என்றால், தினமும் விடியற்காலையில் அவள் கூட்டித் துடைக்கும் கிளினிக்கின் டாக்டர். அவள் வாளியோடு வெளியே வரும்போது அவர் உள்ளே போவார். “என்னம்மா, சௌக்கியமா?” என்பார். அதற்கு உண்மையான பதிலையே சொல்லலாம் என்று அம்மா நம்பிவிட்டாள். அங்கேதான் நான் முதலில் போன் செய்தேன் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சாயங்காலம் நல்ல துணி உடுத்திக்கொண்டு போனோம்.

“என்னக்கா இந்த நேரத்துல? எதையாச்சும் மறந்துட்டீங்களா?” என்றாள் வரவேற்பில் இருந்த பெண்.

“டாக்டரைப் பார்க்கணும்.” அம்மா அட்டையை மேசைமேல் வைத்தாள்.

“ஐயோ, கவர்மென்ட் கார்டு எடுக்கிறதில்லையே. போன்லகூட ஒரு பொண்ணு கேட்டுச்சு, சொன்னேனே.”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது.

அடுத்த ஆளைக் கூப்பிட டாக்டர் கதவைத் திறந்தார். “என்னம்மா, சௌக்கியமா?”

“இல்லீங்க ஐயா. படியேறினா மூச்சு வாங்குது. காலைப் பாருங்களேன்.”

டாக்டர் காலைப் பார்த்தார். பிறகு அட்டையைப் பார்த்தார்.

“உடம்பைப் பார்த்துக்கோங்கம்மா,” என்றார் அன்பாகவே. “நாளைக்கு முடியலைன்னா வேற யாரையாச்சும் அனுப்பிடுங்க. கூட்டாம விட்டுடாதீங்க.”

அம்மா அட்டையை எடுத்துக்கொண்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.