கேமரா நின்ற அரைமணி

தி. நகரில் உள்ள அந்த ஐந்து மாடி ஜவுளிக்கடையில் செம்பியனுக்கு இருந்த மரியாதை, மின்விசிறிக்கு இருக்கிற மரியாதை. ஓடுகிறவரை யாரும் அண்ணாந்து பார்க்க மாட்டார்கள். மூன்றாவது மாடியில், பட்டுப்புடவைக் கிடங்குக்குப் பின்னால், ஏசி போட்ட சின்ன அறையில் இரண்டு பெரிய சர்வர்கள் இரைந்துகொண்டிருக்கும். அவற்றைக் கவனிப்பதுதான் அவன் வேலை.

ஒரு சர்வருக்குள் பத்துப் பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள் குடித்தனம் நடத்துகின்றன என்று அவன் சொன்னபோது கடையில் ஒருவரும் நம்பவில்லை. பில் போடுவது ஒன்று, கணக்கு ஒன்று, சரக்கு இருப்பு ஒன்று. எதற்கும் தனி உடம்பு கிடையாது. எல்லாம் அந்த இரண்டு பெட்டிகளுக்குள்ளேயே. மாதம் ஒருமுறையாவது பெட்டிகளுக்குப் பேட்ச் போட வேண்டும். மென்பொருளில் ஓட்டை இருப்பது தெரியவந்தால் உடனே அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் எங்கேயோ உட்கார்ந்திருக்கிற ஒருவன் உள்ளே புகுந்து, அத்தனை குடித்தனத்தையும் ஒரே பூட்டாகப் பூட்டிவிடுவான். ஆகவே செம்பியன் ஒரு பெட்டியில் இருப்பவர்களை அடுத்த பெட்டிக்கு நகர்த்துவான். காலியான பெட்டிக்குப் பேட்ச் போட்டு, நிறுத்தி எழுப்பி, எல்லோரையும் திரும்பக் குடியேற்றுவான். கீழே பில் போடுகிற பெண்ணுக்கு இது எதுவுமே தெரியாது.

நகராதது ஒன்றே ஒன்று, கேமராப் பதிவு. ஐந்து மாடிப் படமும் முதல் பெட்டியின் டிஸ்க்கிலேயே கிடந்ததால், அவ்வளவு சுமையோடு அதனால் இடம் மாற முடியாது. படத்தையெல்லாம் சேமித்துவைக்க இரண்டு பெட்டிக்கும் பொதுவாக ஒரு ஸ்டோரேஜ் வாங்கித் தாருங்கள் என்று செம்பியன் இரண்டு வருஷமாகக் கேட்டுச் சலித்துவிட்டான். "பாக்கலாம், பாக்கலாம்" என்பார் முதலாளி மகேஷ். எனவே, பேட்ச் போடுகிற அரைமணி நேரம் கேமரா நின்றுதான் ஆக வேண்டும்.

ஊரில் எல்லோரும் இந்த வேலையை ராத்திரியில் செய்வார்கள். மகேஷ் ஒப்பவில்லை. "கடை பூட்டிக் கெடக்கும்போதுதானே திருடன் வருவான்? அப்பப் போய் கேமராவ நிறுத்துவியா? காலையில பண்ணு, கடை தொறந்ததும். கூட்டம் இருக்காது, ஆனா நம்ம ஆளுங்க அத்தனை பேர் கண்ணும் இருக்கும்" என்றார். அதிலும் நியாயம் இருந்தது. கூடவே இன்னொன்றும் சொன்னார்: "யார்கிட்டயும் மூச்சு விடாத."

செம்பியன் மூச்சு விட்டான்.

கடைகளில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்ததும், மகேஷ் ஒவ்வொரு மாடிக்கும் பிளாஸ்டிக் ஸ்டூல்கள் வாங்கிப் போட்டிருந்தார். ஸ்டூல் போடத்தானே சட்டம் சொன்னது? அவற்றின் மேல் பிரிக்காத புடவைக் கட்டுகள் ஏறி உட்கார்ந்துகொண்டன. யாராவது கட்டை இறக்கிவைத்து உட்கார்ந்தால், கீழே கேமராத் திரைகளுக்கு முன்னால் இருக்கும் குலாம் முகம்மதுவின் குரல் ஒலிபெருக்கியில் வரும்: "மூணாவது மாடி, பட்டு செக்ஷன், கஸ்டமரைக் கவனிங்க." அந்த மாடியில் ஒரு வாடிக்கையாளர்கூட இருக்க மாட்டார். குலாம் முகம்மது கெட்ட மனிதர் இல்லை. அவர் விட்டுவிட்டால் மாலையில் மகேஷ் அதே படத்தை ஓட்டிப் பார்த்து அவரை உலுக்கி எடுப்பார்.

பட்டு செக்ஷனில் மூத்தவள் புஷ்பம். அடையாற்றங்கரையில் இருந்த வீட்டை அரசு எடுத்துவிட்டு ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய குடும்பங்களில் ஒன்று அவளுடையது. இரண்டு பஸ் மாறி நின்றபடியே வந்து, பகல் முழுக்க நின்றபடியே விற்று, நின்றபடியே வீடு திரும்புவாள். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு பச்சையாகப் புடைத்திருக்கும். ஒரு பேட்ச் நாளில் அவள் ரேக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை மட்டும் தூக்கி நிற்பதைச் செம்பியன் பார்த்துவிட்டான். கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில் வளர்ந்தவன் அவன். அந்த மாதிரி கால்களை வீட்டிலேயே பார்த்திருக்கிறான். மனசு கேட்கவில்லை.

"அக்கா, நான் உள்ள போனதும் அரமணி நேரம் கேமரா நின்னுடும். உக்காருங்க."

"இன்னா நைனா, வெளாட்றியா?"

"நெசமாதான்க்கா. பாய் ரூம்ல ஸ்கிரீனே வராது."

அன்றைக்குப் புஷ்பம் உட்கார்ந்தாள். அடுத்த மாதம் மூன்றாவது மாடி முழுக்க உட்கார்ந்தது. அதற்குப் பிறகு ஐந்து மாடியும். செம்பியன் காலையில் புஷ்பத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினால் போதும், சேதி படியேறியும் படியிறங்கியும் போய்விடும். "பேட்ச்சு எப்ப நைனா?" என்று, தீபாவளி என்றைக்கு என்று கேட்கிற ஆசையோடு கேட்பார்கள். சர்வருக்குப் பேட்ச் போடுவதற்கு இத்தனை பேர் ஏங்கிக் காத்திருந்த கடை உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். மகேஷுக்கு மட்டும் தெரியாது.

ஆவணி முகூர்த்த நெருக்கத்தில் ஓர் அவசரப் பேட்ச் வந்தது. தள்ளிப்போட வழியில்லை. செம்பியன் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனான். வேலை ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. பெட்டி எழுந்தது, கேமரா வந்தது. டீ குடிக்கக் கிளம்பினவனை மகேஷ் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

கோபாலபுரத்திலிருந்து ஓர் அம்மா, முன்பணம் கட்டி எடுத்துவைக்கச் சொல்லியிருந்த கல்யாணப் புடவையை வாங்க வந்து காத்திருந்தார். அரக்கு நிறம், அகல ஜரிகை. புஷ்பத்தின் கவுண்டருக்குப் பின்னால் இருக்க வேண்டிய அந்தப் புடவையைக் காணவில்லை.

"கேமராவப் போடு" என்றார் மகேஷ்.

செம்பியன் படத்தை ஓட்டினான். கேமரா நிற்பதற்கு முன்னால் புடவைப் பை ரேக்கில் இருந்தது. கேமரா திரும்பி வந்தபோது ரேக் காலி. நடுவே ஒன்றுமே கிடையாது. அது அவன் எதிர்பார்த்ததுதான். அவன் எதிர்பார்க்காதது, படம் நிற்பதற்கு முந்தின சில நொடிகள்தான். புஷ்பம் அண்ணாந்து நேராகக் கேமராவைப் பார்த்தாள். பார்த்தபடியே கையால் துழாவி ஸ்டூல் மேலிருந்த கட்டை இறக்கினாள், ஸ்டூலை இழுத்தாள். அத்தோடு படம் நின்றது. இந்நேரம் நின்றிருக்கும் என்று குத்துமதிப்பாக நினைத்து, கால்வலி தாங்காமல் கொஞ்சம் முந்திவிட்டாள், பாவம்.



"நிக்கப்போகுதுன்னு இவளுக்கு எப்படித் தெரியும்?" மகேஷ் திரையை விரலால் தட்டினார். சென்னையிலேயே பிறந்து வளர்ந்த மனிதர்தான்; கோபம் தலைக்கேறினால் மட்டும் தாத்தா சிதம்பரநாதனின் தெற்கத்திப் பேச்சு வந்துவிடும். "எப்படிலே தெரியும்? மாசாமாசம் நிக்குதத நோட்டம் விட்டு வச்சிருக்கா. சமயம் பாத்து அடிச்சிருக்கா!"

செம்பியன் உண்மையைச் சொல்லாமல் படத்தைப் பின்னுக்கு ஓட்டினான். மூச்சு விடாதே என்று சொன்ன மனிதர் எதிரே நிற்கிறார், வேலை போய்விடும். அது பயம்தான், அதற்கு வேறு பெயர் தேட வேண்டாம்.

புஷ்பத்தைக் கூட்டிவர அவனையே அனுப்பினார்கள். படியில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கொஞ்சமும் கலங்கவில்லை.

"ஓரம் அடிக்கிற தையக்காரர் அந்நேரம்தான் வந்து மூட்டய தூக்கிகினு போனாரு. அதுல சேந்து பூட்டிருக்கும். சாய்ங்காலம் எட்த்துகினு வந்துருவாரு, பாரு."

செம்பியன் அங்கேயே நின்று தையற்காரருக்குப் போன் போட்டான். "சுவிட்ச் ஆஃப்ல கீதுக்கா. நான் சொல்லிடட்டா? நான்தான் உக்கார சொன்னேன்னு?"

புஷ்பம் படியிலேயே நின்றுவிட்டாள். "தோ பாரு நைனா. நீ வாய தொறக்காத. கால் வலிச்சிது, உக்காந்தேன், கேமரா சமாச்சாரம் எனக்கு இன்னா தெரியும்னு சொல்லிக்கிறேன். நீ சொன்னன்னு வெச்சுக்கோ, எல்லாருக்கும் பூடும்."

அவள் அப்படியேதான் சொன்னாள். மகேஷ் நம்பவில்லை. தையற்காரர் கதையையும் நம்பவில்லை. கையில் படம் இருக்கும்போது கதை எதற்கு? மத்தியானம்வரை அவளைத் தன் மேஜைக்கு எதிரே நிறுத்தி வைத்திருந்தார். அந்த அறையில் காலியாக இரண்டு நாற்காலிகள் கிடந்தன. செம்பியன் ஏதாவது சாக்கில் கண்ணாடிக் கதவைக் கடந்து போய்க்கொண்டே இருந்தான். ஒவ்வொரு முறையும் அவள் வலது காலிலிருந்து இடது காலுக்கும், இடது காலிலிருந்து வலது காலுக்கும் மாறிக்கொண்டிருந்தாள். அக்கா சொன்னதால்தானே சும்மா இருக்கிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அதில் பாதிதான் உண்மை என்பது அவனுக்கே தெரியும்.

சாப்பாட்டு நேரம் தாண்டியதும் மகேஷ் போனை எடுத்தார். "ஸ்டேஷனுக்குச் சொல்லிடுறேன். அவங்க கேக்குற விதத்துல கேட்டா வரும்."

செம்பியன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

"சார், நான்தான் சொன்னேன்."

"என்ன சொன்ன?"

"கேமரா நிக்கும்னு. அக்கா எடுத்திருக்க மாட்டாங்க சார். அவங்களுக்குக் கால் முடியாது, உக்காரத்தான் சொன்னேன். அவங்க மட்டும் இல்ல சார், எல்லாரும்தான் உக்காருவாங்க. ஒவ்வொரு மாசமும்."

அந்த 'எல்லாரும்' வந்திருக்கவே வேண்டாம். ஒருத்தி செய்தது குற்றமாகத் தெரியக்கூடாதே என்ற பதற்றத்தில் வாயில் வந்துவிட்டது. ஒருத்தியைக் காப்பாற்றப் போனவன் ஐந்து மாடியையும் காட்டிக்கொடுத்தான். மகேஷ் போனை மெதுவாகக் கீழே வைத்தார். புஷ்பம் அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றி என்று ஒரு துளிகூட இல்லை.

மாலையில் தையற்காரர் மூட்டையோடு வந்தார். பேட்டரி தீர்ந்துவிட்டதாம். மூட்டையில் நான்காவதாக இருந்தது அரக்குப் புடவை, ஓரம் அடித்து, மடிப்புக் கலையாமல். கோபாலபுரத்து அம்மாவுக்கு ஏக சந்தோஷம். புஷ்பத்திடம் மகேஷ், "சரி, போய் கவுண்டரப் பாரு" என்றார். அவர் கேட்ட மன்னிப்பு அவ்வளவுதான்.

செம்பியன் தன் பையை எடுத்துத் தயாராக வைத்திருந்தான். ஆனால் மகேஷ் அவன் தோளில் கை வைத்தார்.

"மறைக்காம சொன்ன பாத்தியா, அது பெருசு. நீ சொல்லலேன்னா கடைசிவரைக்கும் எனக்குத் தெரிஞ்சிருக்காது. ஏதோ ஸ்டோரேஜ் கேட்டியே, நாளைக்கே ஆர்டர் போடு. இனிமே கேமரா ஒரு செகண்டு நிக்கக் கூடாது."

வேண்டாம் சார் என்று சொல்ல அவனால் முடிந்திருக்கும். "சரி சார்" என்றுதான் சொன்னான்.

கடை விட்டதும் பஸ் நிலையத்துக்கு ஓடினான். புஷ்பம் பெரும்பாக்கம் போகிற கூட்டத்தில் நின்றிருந்தாள்.

"அக்கா, கோச்சுக்காதீங்க. போலீச கூப்பிட்றேன்னாரு. என்னால பாத்துகினு இருக்க முடில."

"உன்னால முடில. அத்த சொல்லு." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். "நின்னுகினு இருந்தது நானு. எனக்கு முடிஞ்சிச்சே? திருடின்னு சொன்னான், சாய்ங்காலம் பொய்யின்னு ஆயிடிச்சி. அந்த அரமணி நேரம் திரும்பி வருமா நைனா? போலீசு வந்திருந்தா நான் பாத்துக்கினு இருந்திருப்பேன். உன்ன யார் வந்து சொல்ல சொன்னா?"

போலீஸ் வந்திருந்தால் சாயங்காலம்வரை யார் காத்திருப்பார்கள் என்று கேட்க நினைத்தான். தான் செய்தது சரியா தப்பா என்பது அப்போதும் விளங்கவில்லை, இப்போதும் விளங்கவில்லை. பஸ் வந்தது. அவள் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த மாதப் பேட்ச்சுக்குள் புது ஸ்டோரேஜ் வந்து பொருத்தியாகிவிட்டது. காலையில் செம்பியன் யாரையும் பார்த்துத் தலையை ஆட்டாமல் சர்வர் அறைக்குள் போனான். கேமராப் பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெட்டியிலிருந்து மற்றதற்கு இடம் மாறியது. இரண்டு வருஷமாக அவன் ஆசைப்பட்ட வேலை. அவ்வளவு சுத்தமாக அவன் எதையும் செய்ததில்லை. குலாம் முகம்மது போன் செய்தார்.

"செம்பியா, எப்பப்பா நிறுத்தப் போற? நான் டீக்குப் போவணும்."

"முடிச்சிட்டேன் பாய்."

"முடிச்சிட்டியா? இங்க ஒண்ணுமே தெரியலியே!"

வெளியே வந்தான். புஷ்பம் ரேக்கை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். அவள் பக்கத்தில், அந்த வாரம்தான் தென்காசிப் பக்கமிருந்து வேலைக்கு வந்து சேர்ந்த ஒரு பெண், புடவை மடித்துக்கொண்டிருந்தாள். கடைப் பெண்கள் தங்கும் விடுதியில் யாரோ பழைய கதையைச் சொல்லியிருக்க வேண்டும். அவனைக் கண்டதும் ஒரு ஸ்டூலைத் தொட்டுக்கொண்டு ரகசியமாகக் கேட்டாள்.

"அண்ணே, இன்னைக்குப் பேட்ச்சாமே? உக்காரலாமாண்ணே?"

பதிலைப் புஷ்பம்தான் சொன்னாள், அவனைப் பார்க்காமலேயே.

"ஸ்டூல வுட்டுட்டு புடவய மடிம்மா. சாருக்கு வேல கீது, போவட்டும்."

இத்தனை வருஷத்தில் அவள் அவனைச் சார் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.