குழாய்த் தண்ணீரில் ஒரு நடவு

செவ்வந்தியின் மகள் ஷாலினிக்கு வெள்ளிக்கிழமை வளைகாப்பு, ரிஷிவந்தியத்தில், மாமியார் வீட்டில். வளையல் போட்ட கையோடு தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். ஊர் உலகத்தில் எல்லோரும் செய்கிறதுதான். ஆனால் சம்பந்தியம்மாள் முரண்டு பிடித்தாள்.

"தண்ணி வராத வூட்டுக்கு புள்ளத்தாச்சிய அனுப்ப மாட்டாங்களாம் யக்கா. கொழந்த பொறந்தா துணி அலச எங்க போவீங்கன்னு கேக்கறாங்க" என்று என்னிடம் வந்து மூக்கைச் சிந்தினாள் செவ்வந்தி.

கேட்டதில் தப்பும் இல்லை. எங்கள் தெருவில் கடைசி வீடு அவளுடையது. மேலே, கல்வராயன் மலைக்கு ஏறுகிற பாதை ஆரம்பிக்கும் இடத்தில், மண்ணுக்குள் பைப்பு விட்டுப்போய், அவளுக்கு வரவேண்டிய தண்ணீரெல்லாம் பாதையில் பாதியை அடைத்துக் குளம் கட்டிக் கிடந்தது. மலைக்குப் போகிற பைக்குகள் வழுக்கி விழுந்தன. எருமைகள் புரண்டு குளித்தன. செவ்வந்தி மட்டும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தாள்.

செவ்வந்தியும் நானும் ஒரே நடவுக் கூட்டம். அதில் பெரிய போன் வைத்திருப்பவள் நான்தான். பேரன் பேத்தி முகம் பார்க்க வாங்கியது. அதிலேயே போட்டோ எடுத்துத் தண்ணீர் ஆபீசுக்குப் புகார் போட்டேன். 'சரிசெய்யப்பட்டது' என்று பதில் வந்தது. ஆசையாகப் போய்ப் பார்த்தால் குளம் முன்னைவிடப் பெரிசு! மறுபடி போட்டேன். மறுபடியும் 'சரிசெய்யப்பட்டது'.

திங்கட்கிழமை எங்களுக்கு விஜயலட்சுமியம்மா வயலில் நடவு. வேலை முடிந்து கரையேறினால் நாற்று முடிகள் கட்டுக்கட்டாக மீந்து கிடந்தன. எங்களில் சின்னவள் அருள்மொழி, வாய்த்துடுக்கு, ஒரு முடியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் சொன்னாள்:

"ஆயா, டிவில காட்டறாங்களே, சேத்து ரோட்ல நாத்து நட்டுப் போராட்டம் பண்றாங்களே. நாமளும் பண்ணா இன்னா?"

அவ்வளவுதான். முடிகளை அள்ளிக்கொண்டு மலைப்பாதைக்கு ஓடினோம். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குளத்தில் இறங்கியதும் கை தானாக வேலையைத் தொடங்கிவிட்டது. குனிந்த முதுகு நிமிரவில்லை. நடுவில் நான்தான் கத்தினேன்.

"ஏய் அருள்மொழி, உன் வரிச கோணுது பாரு. புடுங்கி நடுடி."

"போராட்டந்தானே ஆயா, கோணனா இன்னா?"

"பாக்கறவங்க நம்ம கைய காறித் துப்ப மாட்டாங்க?"

முனகிக்கொண்டே பிடுங்கி நட்டாள். தண்ணீர் ஓரமாக வழிகிறதே என்று செவ்வந்தி மண்ணை அள்ளி வரப்பு வேறு போட்டுவிட்டாள். கடைசியில் எல்லோரும் சேர்ந்து குலவை போட்டோம். போட்டோ எடுத்துப் புகார் போட்டேன். முன்னால் பச்சை, பின்னால் மலை. காலண்டரில் போடலாம், அத்தனை அழகு!

மறுநாள் பதில் வந்தது. உரக்கப் படித்தேன்: 'படத்தில் காணப்படுவது நெல் வயல். குழாய்க் கசிவு இல்லை. வேளாண்மைத் துறைக்கு மாற்றப்படுகிறது.'

அருள்மொழி தலையில் அடித்துக்கொண்டாள்.

"கோணலா நட்டிருந்தா ரோடுன்னு தெரிஞ்சிருக்கும். கேட்டியா ஆயா நீ?"

சிரித்துச் சிரித்து எனக்கு விலாவே பிடித்துக்கொண்டது. செவ்வந்தியும் சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள். "உங்க நடவுல தீய வெக்க. எம்பொண்ணு வரமாட்டா போல."

புதன்கிழமை காலை பைக்கில் ஒருவர் வந்து இறங்கினார். வேளாண்மை ஆபீசிலிருந்து வருகிறாராம், தமிழரசன் என்று பெயர். குளத்தைப் பார்த்தவர் அசந்து நின்றுவிட்டார்.

"யாருதும்மா இந்த வயலு? பட்டா யார் பேர்ல கீது?"

"கவருமெண்டு பேர்ல சார்" என்றாள் அருள்மொழி.

அவர் காதில் அது விழவே இல்லை. குந்தி உட்கார்ந்து நாற்றைத் தடவிக்கொடுத்தார். "ஜோரா நட்டுக்கிறீங்களே! தண்ணி எங்கேந்து பாயுது? கெணறா, போரா?"

"பைப்பு சார். குடிக்கிற தண்ணி பைப்பு."

மனிதர் விசுக்கென்று எழுந்தார். "குடிக்கிற தண்ணிய எடுத்து நெல்லுக்குப் பாச்சறீங்களா? இது திருட்டும்மா!"

விளக்கம் சொல்லலாம் என்று நான் வாயைத் திறந்தேன். அருள்மொழி என் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"ஆமா சார், திருட்டுதான். சீக்கிரமா தண்ணி ஆபீசுக்குப் போன் போடுங்க."

அவரும் போட்டார். ஒழுகுகிறது என்று இத்தனை நாள் கெஞ்சியும் அசையாதவர்கள், திருட்டு என்றதும் மத்தியானச் சோறு வேகுமுன் ஜீப்பில் வந்து இறங்கிவிட்டார்கள். ஒரு ஆபீசர், தனசேகரன் என்கிற பிட்டர், கடப்பாரையோடு ஆட்கள்.

"யாரு திருட்டு கனெக்‌ஷன் எடுத்தது?" என்று உறுமினார் ஆபீசர்.

"நாந்தான் சார்" என்றாள் செவ்வந்தி.

"அவ பொய் சொல்றா சார், நாந்தான்" என்றாள் அருள்மொழி.

நானும் கையைத் தூக்கினேன். ஆபீசர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "இன்னாம்மா, எல்லாருமா?"

"நடவுன்னா கூட்டு வேலதானே சார்" என்றேன்.

"தோண்டுய்யா! அந்தத் திருட்டு பைப்ப வெளிய எடு!"

தோண்டினார்கள். நாங்கள் நட்ட நாற்றெல்லாம் மண்ணோடு போயிற்று. மண்ணை விலக்கியதும் தண்ணீர் பீறிட்டு தனசேகரன் மூஞ்சியில் அடித்தது. துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"சார்... திருட்டெல்லாம் ஒண்ணும் இல்ல சார். நம்ம ஜாயிண்டுதான் வுட்டுக்கினு கீது."

"அய்யய்யோ, ஒழுகுதா?" என்று கன்னத்தில் கை வைத்தேன். "எங்களுக்குத் தெரியவே தெரியாதே சார்!"

அருள்மொழி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள், சிரிப்பில் கால் நிற்கவில்லை. தமிழரசன் சாரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. ஆபீசருக்கு முகம் சிவந்தது. ஆனால் பாதையின் நடுவில் பள்ளம்; மேலே மலையிலிருந்து இறங்கிய வேனும் கீழேயிருந்து ஏறிய பஸ்ஸும் ஆரனை அடித்துக்கொண்டு நின்றன. அப்படியே விட்டுப் போகவும் முடியாது. "மாத்துய்யா" என்றார். தனசேகரன் புது ஜாயிண்டு போட்டார்.

பள்ளத்தை மூடுவதற்குள் நாங்கள் தெருக்கோடிக்கு ஓடினோம். செவ்வந்தி வீட்டுக் குழாய் முதலில் இருமியது. பிறகு துருத்தண்ணீரைத் துப்பியது. அப்புறம் கொட்டியது பாருங்கள், கீழே இருந்த அலுமினியக் குண்டான் எகிறி உருண்டது! செவ்வந்தி குழாய்க்கு அடியில் தலையையே கொடுத்துவிட்டாள்.

"யக்கா, போன குடு, போன குடு!"

சம்பந்தியம்மாளுக்கு முகம் தெரிகிற மாதிரி போட்டுக் கொடுத்தேன். செவ்வந்தி போனைக் குழாய்க்கு நேராகப் பிடித்தாள்.

"பாருங்க சம்மந்தி! நல்லா பாருங்க! சத்தம் கேக்குதா?"

"கேக்குது, கேக்குது" என்றது ரிஷிவந்தியம். "வெள்ளிக்கெழம வண்டி எடுத்துக்கினு வாங்க, பொண்ண அனுப்பறேன். மொதல்ல அத மூடுங்க சம்மந்தி, தண்ணி வீணாவுது!"

"இருங்க சம்மந்தி, ஷாலினியக் கூப்புடுங்க. அவளும் ஒருவாட்டி பாக்கட்டும்" என்றாள் செவ்வந்தி. குழாயை அவள் மூடவே இல்லை.